கோட்டை காத்தவளுக்குப் பூச்சியம்

கல்முனையில் ஒருவர் கணினி விளையாட்டுப் போட்டி நடத்தினார். புள்ளிமுறையை அமைத்தவரும் அவரே. பேசும்போது தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். போட்டியில் கடைசிவரை தன் அணியின் கோட்டையைக் காத்த என் மகளுக்குப் பூச்சியம். தோழிகள் சிரித்தார்கள், நானும் ஏசிவிட்டேன். மூன்று நாளாக அவள் அறைக்குள்ளேயே இருந்தாள். அவரிடம் போனேன்.

“எதிரணியிட ஊரைப் பிடிச்சாத்தான் புள்ளி, காக்கா” என்றார், என்னை அண்ணன் முறை வைத்து.

“வயல்ல வெட்டினவனுக்கு மட்டுமா நெல்லு, தம்பி? காவல் கிடந்தவனுக்குப் பங்கில்லையா?”

தொப்பி கையிலேயே நின்றுவிட்டது.

“ஓம், பிழை என்னிலதான். நான் மகளோட கதைக்கிறன்.”

வீட்டுக்கு வந்தார். மூடிய கதவைத் தட்டி, அதன் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். கதவு திறக்கவில்லை.

“நாளைக்கும் வாறன், மகள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிழை விட்ட இருவரில், அந்தக் கதவைத் தட்டியவர் அவர் மட்டுமே.