கோட்டுக்குள் புதுத்துணி

எனக்குச் சட்டென்று கோபம் வரும். அந்தப் பத்திரிகை வந்து சேர்ந்த அன்று அது உச்சத்துக்குப் போனது. அட்டையில் கொடியில் காயும் ஒரு ஜாக்கெட்டின் முதுகுப்புறம். அண்ணன் கல்யாணத்துக்குக் கழுத்து மாடல் தேடிக்கொண்டிருந்த நான், போனில் அந்த அட்டையைப் பார்த்ததும் மாடல் புத்தகம் என்று நினைத்து வரவழைத்துவிட்டேன். பிரித்தால் பக்கம் பக்கமாக எழுத்து. மாடல் ஒன்றுகூட இல்லை. கம்பெனி வேலைக்காக வந்து வல்லம் வடகாலில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் இரண்டு பெண்களும் எங்கள் சங்கரன்கோவில் பக்கம்தான். “ஏட்டி, என்ன பரீட்சைக்குப் படிக்கப் போற?” என்று கேலி செய்தார்கள்.

கடைசிப் பக்கத்து எண்ணுக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினேன். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார்.

“ஆசிரியரும் நான்தான், பார்சல் ஒட்டுறதும் நான்தான், திட்டு வாங்குறதும் நான்தான்,” என்று சிரித்தார். “நைட்டி கட்டுரைய மட்டும் படிச்சுப் பாருங்க. அப்பவும் பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடுங்க.”

திருப்பி அனுப்பும் எண்ணத்தோடுதான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். நைட்டியோடு வாசலுக்குப் போகும்போது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்கிறோமே, அந்தத் துண்டைப் பற்றி நான்கு பக்கம். தண்ணீர் கேன்காரர் வந்தால் துண்டு வேண்டும், பக்கத்து வீட்டு அக்கா வந்தால் வேண்டாம், அக்காவோடு அவர் வீட்டுக்காரரும் வந்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டும். அந்தத் துண்டு எதை மறைக்கிறது என்று கேட்டிருந்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் மூவரும் கொடியில் கிடந்த எங்கள் துண்டுகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் ஒரு வரி விடாமல் படித்தேன். சிவப்பாவது எப்படி, ஒல்லியாவது எப்படி என்றெல்லாம் எதுவுமே இல்லை. டெய்லர் ‘கொஞ்சம் லூசா வெக்கட்டுமா’ என்று கேட்கும்போது நமக்குள் என்ன ஓடுகிறது என்று ஒரு கட்டுரை. துணியைப் பற்றிப் பேசுவது வெட்டிப்பேச்சு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதை இவ்வளவு மரியாதையாக ஒருவர் உட்கார்ந்து எழுதியிருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தத் தைரியத்தில் நானும் ஒன்று எழுதி அனுப்பினேன். எங்கள் கம்பெனியில் வேலை நடக்கும் லைனுக்குள் போகுமுன் எல்லோரும் நீலக் கோட்டு, தொப்பி, மாஸ்க் போட வேண்டும். கண் மட்டும்தான் தெரியும். ஆனால் பிறந்தநாள் என்றால் ஒவ்வொருத்தியும் தேடித்தேடி வாங்கிய புதுத்துணியில்தான் வருவாள். கோட்டு மாட்டும் அறையில் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். பிறகு எட்டு மணி நேரம் அது உள்ளேயே இருக்கும். ‘யாரும் பார்க்காத புதுத்துணி’ என்று முடித்திருந்தேன். அந்த வரி எனக்கே பெருமையாக இருந்தது.

ஆசிரியர் கூப்பிட்டார். “ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த ‘யாரும்’ எனக்கு இடிக்குது. ஞாயித்துக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. அன்னிக்கு அச்சுக்குப் போகணும்.”

அந்த இதழ் வருஷத்துக்கு இரண்டு முறை வந்தாலே பெரிய விஷயம். இதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போதோ. என் எழுத்தை அச்சில் பார்க்க வேண்டுமென்று எனக்கு அப்படியொரு ஆசை. வெள்ளிக்கிழமை வரை யோசித்தும் அந்தச் சொல்லில் என்ன குறை என்று புரியவில்லை. எனக்கு ஆசிரியர் மேலேயே கோபம் வந்தது.

சனிக்கிழமை, லைனில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் உள்ளூர்ப் பெண்ணுக்குப் பிறந்தநாள். பச்சைச் சுடிதாரில் வந்து நின்றாள். கோட்டு மாட்டும் அறையே அவளைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தி துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்தாள், ஒருத்தி கடையை விசாரித்தாள், நான் பின்னால் நின்று ஜிப்பைச் சரிசெய்தேன். அவள் கோட்டை மாட்டும்போது கேட்டேன்.

“யாருமே பாக்கப் போறதில்ல. எதுக்குடி இவ்வளவு மெனக்கெடுத?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னாக்கா இப்டி சொல்ற? இவ்ளோ நேரம் நீ பாத்துகினுதான இருந்த? நீயெல்லாம் ஆளு இல்லியா?”

எனக்குச் சுரீரென்றது. அந்த அறையில் அவளைச் சுற்றி ஒன்பது பெண்கள் இருந்தோம். கட்டுரையில் நான் ஒருத்தியைக்கூடக் கணக்கில் சேர்க்கவில்லை, என்னையும் சேர்த்து. அன்று லைனில் கை தானாக வேலை செய்தது, மனசு மட்டும் குதித்துக்கொண்டே இருந்தது.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் ஆசிரியருக்குப் போன் போட்டேன். பஸ் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“அந்தக் கடைசி வரிய அடிச்சிருங்க! இப்படிப் போடுங்க: ‘பச்சைச் சுடிதார். நாங்கள் ஒன்பது பேர் பார்த்தோம்.’”

அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, “இந்த இதழ்லயே உங்களுக்குப் பக்கம் எடுத்து வெச்சுட்டேன்,” என்றார்.

நான் போட்ட சந்தோஷக் கூச்சலில் பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பிறந்தநாள்காரி என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“என்னோட துணியா புக்குல வர்து? போனை வெச்சிடாதக்கா! வெறும் பச்சைன்னு போட்டா எவளுக்குத் தெரியும்? ராமர் பச்சைன்னு போடச் சொல்லு!”