பெண் கொடுத்த வீட்டைக் கேட்டால்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுப்பதற்கு முன்னால் விசாரிக்கிற விசாரிப்பைப் போலீஸ்காரர்கள்கூடச் செய்யமாட்டார்கள். பையனின் வேலை, அவன் அப்பன் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் உண்டா, அத்தை எங்கே வாழ்க்கைப்பட்டாள், சித்தப்பன் குடிப்பானா, எல்லாம் தெரிந்தாக வேண்டும். யாராவது ஒருவர் வழி கேட்பதுபோல அந்த ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். இத்தனையும் முடிந்த பிறகு இன்னொன்று பாக்கி இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே பெண் கொடுத்த வீடு எது என்று பார்த்து அங்கே போவார்கள். அங்கே யாரும் வாயைத் திறந்து குறை சொல்லமாட்டார்கள். காபி கொண்டுவந்து கொடுக்கிற அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

அதே சனங்கள் அதே பெண்ணைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்பும்போது, வழுவழுப்பான தாளில் அச்சடித்த ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். அட்டையில் ஒரு புல்வெளி, அதில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாலு பேர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

நான் துடியலூரில் தனியாக இருக்கிறேன். ஓய்வு பெறும்வரை ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். புதிதாகச் சேருகிற ஆசிரியர்களின் பட்டங்களைச் சரிபார்க்கிற மேசை என்னுடையது. வெளிநாட்டில் படித்துவிட்டு வருபவர்களுக்கு, அந்தப் பட்டம் நம் நாட்டுப் பட்டத்துக்குச் சமம்தான் என்று டில்லியிலிருந்து சான்று வர வேண்டும். சிலருக்கு வராது. தாங்கள் படித்த இடத்துக்கு அங்கீகாரமே கிடையாது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். டை கட்டிக்கொண்டு என் முன்னால் நின்ற ஒரு பையன், "மேடம், நான் நெசமாலுமே கிளாசுக்குப் போனனுங்க, பரீட்சையெல்லாம் எழுதுனனுங்க" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. அப்படியும் அந்தப் பட்டம் எங்கேயும் செல்லுபடியாகவில்லை.

அந்தப் பையனுக்காகத்தான் இந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். யார் கேட்டாலும் பார்த்துச் சொல்வேன். "ஏனுங்க்கா, இந்தக் காலேசு நெசமான்னு சித்த பாத்துச் சொல்லுங்க" என்று செல்போனை நீட்டிக்கொண்டு வருவார்கள். கல்லூரி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நான் படிப்பதே இல்லை. அந்த நாட்டு அரசாங்கம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் அதன் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பேன். அங்கீகாரம் கொடுத்தது யார் என்று பார்ப்பேன். அப்படிக் கொடுத்தவருக்கு அதைக் கொடுக்க அதிகாரம் உண்டா என்றும் பார்ப்பேன். முகவரியைத் தட்டிவிட்டு வரைபடத்தில் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். உட்கார்ந்த இடத்திலேயே நான் நடக்காத ஊர் இல்லை. கடைசியில் எல்லோருக்கும் ஒன்றே சொல்வேன்: பெண் கொடுத்த வீட்டைக் கேளுங்கள். அங்கே படித்து முடித்த ஒரு பிள்ளையைப் பிடித்து, முடிந்தால் அந்தப் பிள்ளையின் பெற்றவர்களையும் பிடித்துப் பேசுங்கள்.

வருகிறவர்களுக்காக முன்னறையில் நாற்காலிகளை எப்போதும் போட்டே வைத்திருப்பேன். பேசுவார்கள், காபி குடிப்பார்கள், பதில் கிடைத்ததும் எழுந்து போவார்கள். பிள்ளை கிளம்புகிறபோது இனிப்புப் பெட்டி வரும். அதற்குப் பிறகு ஒரு தகவலும் வராது. வராமல் இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இனிப்பை நான் ஒருத்தியாகத் தின்று தீர்க்க முடியாமல் எறும்புக்குப் போகும்.

என் மகனுக்கும் நான்தான் பார்த்தேன். அப்போது என் வீட்டுக்காரர் இருந்தார். அக்குவேறு ஆணிவேறாக அலசிப் பார்த்து, கனடாவில் ஒரு பழுதில்லாத பல்கலைக்கழகமாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம். படித்தான், வேலை கிடைத்தது, வீடு வாங்கினான், அங்கேயே கல்யாணம். அப்பாவின் காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவன், அப்புறம் ஒரே ஒரு முறை வந்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் கூப்பிடுவான். பேத்தி எட்டிப் பார்த்து "ஹாய் பாட்டி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் என் குறை.

மற்ற நாட்களில் என் வீட்டில் தவறாமல் கேட்ட ஒரே மனிதக் குரல் பக்கத்து வீட்டுப் பெண்ணுடையது. அவள் அப்பாவுக்குக் கணபதியில் லேத் பட்டறை. வீட்டில் டிவி அலறிக்கொண்டே இருக்கும் என்பதால், சாயங்காலம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, "பெரிம்மா, வாரேன்" என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்துவிடுவாள். வாரேன் என்று சொல்லும்போதே உள்ளே வந்திருப்பாள். அவள் அம்மா கிண்ணத்தில் ஏதாவது கொடுத்துவிடுவாள். ஒருத்திக்குச் சமைக்கச் சோம்பல்பட்டு நான் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு மூலையில் படிப்பாள், நான் இன்னொரு மூலையில் பேப்பர் பார்ப்பேன். பெரிதாகப் பேசிக்கொள்ளமாட்டோம். இருந்தாலும் அந்த நேரத்துக்காகவே நான் மதியம் தூங்கி எழுந்து முகம் கழுவித் தயாராக இருப்பேன்.

அவளுக்கு மேல்படிப்புக்கு ஐரோப்பாவில் இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு நாள் அந்த வீடே திரண்டு வந்தது. ஏற்பாடு செய்தவர் காந்திபுரத்தில் ஆபீஸ் வைத்திருப்பவர். அவள் அம்மாவின் தம்பிக்கு மாமனார் வழியில் உறவு.

"ஆளை நல்லா விசாரிச்சுப்போட்டோமுங்க" என்றார் அப்பா. "சோமனூருக்கே போயி விசாரிச்சமுங்க. நாலு தலமொறையா தறி ஓட்டற குடும்பம். அப்பன் காலத்துல இருந்து ஒரு கெட்ட பேரு இல்லீங்க. நம்ம ஒறம்பரையப் போயி நம்மாளு ஏமாத்துவாருங்களா?"

நாலு தலைமுறைக்கு விசாரித்திருந்தார்கள். ஆனால் கல்லூரியை அல்ல. கல்லூரியைக் கைகாட்டிவிட்ட ஆளை. தரகரைப் பற்றித் தோண்டித் துருவிக் கேட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்க்காமலே தாலி கட்டச் சொல்வதுபோல. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்தேன். உலகத்துக்கே தெரிந்த ஒரு பழைய பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒரே ஒரு சொல்லை மட்டும் கூட்டி வைத்திருந்தார்கள். அந்த நாட்டு அரசாங்கப் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. முகவரியில் தேடிப் போனால் கீழே டயர் கடை, மேலே இரண்டு ஜன்னல். அங்கீகாரம் கொடுத்த சபையின் முகவரியைத் தேடினேன். அதுவும் அதே கட்டடம், அதே மாடி. ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். அதே டயர் கடைதான் வந்தது.

பேசாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. சொன்னால் உறவில் விரிசல் விழும், பழி என் தலையில் விடியும். ஆனால் டை கட்டின பையன் கண்ணுக்குள்ளேயே நின்றான். சாயங்காலம் போய் எல்லாவற்றையும் காட்டினேன். அப்பா கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, தம்பி குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வாள்?

"நல்ல காலேசு, நல்ல காலேசுன்னு உங்க பையனையும்தான் பாத்துப் பாத்து அனுப்புனீங்க" என்றாள். "இப்ப உங்களுக்கு ஒரு காச்சல்னா சுடுதண்ணி வெச்சுக் குடுக்க ஆரு இருக்கறா? நாந்தான வாரேன்?"

அப்பா அவளை அதட்டினார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவள்தான் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு கிண்ணம் வரவில்லை, பெண்ணும் வரவில்லை. ஆடி நோம்பிக்கு அந்த வீட்டில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுடுகிற வாசனை சுவர் தாண்டி வந்தது, கச்சாயம் வரவில்லை. மதியம் எழுந்து முகம் கழுவிய பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். டிவி போட்டுப் பார்த்தேன். அது என்னிடம் பேசவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடுகிறது. மகன் கூப்பிட்டபோது, "எப்புடிம்மா இருக்கறே?" என்றான். நல்லாயிருக்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. சொல்லி என்ன செய்வான்? அங்கிருந்து கவலைப்படுவான், அவ்வளவுதானே. ஊருக்கு உபதேசம் செய்து உள்ளதையும் கெடுத்துக்கொண்டேன் என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

ஆடி கழிந்து ஒரு காலையில் அந்த அப்பா பட்டறைக்குப் போகும் வழியில் என் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நீங்க சொல்லுவீங்கல்லங்க்கா, பொண்ணு குடுத்த ஊட்டைக் கேளுங்கன்னு. அதைக் கேட்டுப்போட்டனுங்க. காந்திபுரத்தாருகிட்ட, இங்கிருந்து போன ஒரே ஒரு புள்ளையோட நம்பரக் குடுங்கன்னேன். இன்னிக்குத் தாரேன், நாளைக்குத் தாரேன்னு இழுத்துட்டே போறாப்படி. நேத்து போனையே எடுக்கலீங்க." கேட்டின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஒருத்தருமே பொண்ணு குடுக்காத ஊட்டுக்கு நாங்க மட்டும் எப்புடீங்க குடுக்கறது? நீங்களே வேற ஒண்ணு பாத்துக் குடுங்க."

அன்று சாயங்காலமே, "பெரிம்மா, வாரேன்" என்ற குரல் வாசலில் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். வெங்காயம் எங்கே என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

இருவரும் உட்கார்ந்து தேடினோம். பல இடங்களைத் தள்ளிய பிறகு, குளிர் அதிகமான ஒரு ஊரில் அரசாங்கமே நடத்துகிற பல்கலைக்கழகம் ஒன்று கிடைத்தது. பட்டியலில் இருந்தது. அங்கே படித்த பட்டத்துக்கு டில்லியில் சான்றும் கொடுக்கிறார்கள். வரைபடத்தில் நடந்தேன், நூலகம், பேருந்து நிறுத்தம், விடுதிக்கு எதிரிலேயே காய்கறிக் கடை. அப்போதுதான் கவனித்தேன்: நான் எப்போதும் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை. ஒரு குறை கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். குறை ஒன்று கிடைத்தால் இந்தப் பெண் இன்னும் ஓர் ஆறு மாதம் இந்த மூலையில் உட்கார்ந்து படிப்பாள். அப்படி ஆசைப்பட்டுக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே படித்த பொள்ளாச்சிப் பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்துப் போனில் பேசினோம். அவளும் வாய் நிறைய நல்லதாகவே சொன்னாள்.

"எப்புடி பெரிம்மா?" என்று போனை வைத்ததும் இவள் கேட்டாள்.

"நல்ல எடம் கண்ணு. போ" என்றேன்.

பொங்கல் முடிந்து கிளம்பினாள். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிக் கையை ஆட்டினாள். எங்கள் மூவரில் யாரைப் பார்த்து ஆட்டினாள் என்று தெரியவில்லை. நாங்கள் மூவரும் ஆட்டினோம்.

திரும்பி வருகையில் அப்பா ஓட்டினார். பின்னால் அவள் அம்மாவும் நானும். நடுவில், பெட்டியில் எடை கூடிவிட்டதென்று எடுத்து வெளியே வைத்த பருப்புப் பொடிப் பொட்டலம். சண்டைக்குப் பிறகு நாங்கள் இருவரும் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். சரவணம்பட்டி சிக்னலில் வண்டி நின்றது.

"ஏனுங்க்கா" என்றாள் மெதுவாக. "நீங்க எனக்கு முன்னால புள்ளைய அனுப்பிச்சவங்க. உங்களைத்தான் கேக்கோணும். படிச்சு முடிச்சுப்போட்டுத் திரும்பி வந்துருவாளுங்களா?"

அன்றைக்குச் சொன்னதைக் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எந்த அரசாங்கப் பட்டியலிலும் இல்லாத ஒன்றைக் கேட்பதற்கு நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வழி அதுதான். கேட்டுவிட்டு அவள் என் வாயைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம தவறாம கூப்புடுவா, அம்மணி" என்றேன். "வீடியோவுல மொகம் நல்லாத் தெரியும்."

அவள் பருப்புப் பொடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.