படகு வரிசையில் ஒரு ரெண்டு கதவு

காலை ஐந்தே முக்கால் மணி. வாசலுக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு காரை. ஏரிக்கரையில் மூக்கைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டி வரிசையாக நிற்கும் படகுகளுக்கு நடுவே, எங்கள் படகு நிற்க வேண்டிய இடத்தில், அது அடர்பச்சை நிறத்தில் நின்றது. அதன் மேல் இறங்கியிருந்த பனியைத் தொட்டு நக்கிப் பார்த்தேன், உப்புக் கரித்தது. உருண்டையான இரண்டு முன்விளக்குகளும் பக்கத்துப் படகுகளைப் போலவே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தன. பின் பம்பரிலிருந்து ஒரு நைலான் கயிறு போய், எங்கள் படகைக் கட்டும் அதே சவுக்குக் கட்டையில், அதே முடிச்சில் முடிந்திருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அம்மா எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். மீன் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள்.

"போட்டு எங்கய்யா?"

அப்பா, எங்கள் பேச்சில் நைனா, ஒரு பழைய லுங்கித் துணியால் காரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இதான்" என்றார்.

"இது மெதக்குமா?"

நைனா மறு பக்கம் போய்த் துடைத்தார்.

நடந்தது இதுதான். பழவேற்காடு ஊருக்குள் கரீம் பாய் என்று ஒருவர் இருந்தார். அவருடைய முன்னோர்கள் ஒரு காலத்தில் கப்பல் ஏற்றி வியாபாரம் செய்தவர்கள். அவர் வீட்டுப் பின்கட்டில் இருந்த பழைய கிடங்கில், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடம் அவருடைய தாத்தா வாங்கிய கார் தூசி படிந்து கிடந்தது. படகு இன்ஜின் ரிப்பேருக்குப் பழைய சாமான் தேடி அங்கே போன நைனா, முதலில் அதைப் பார்த்தார். பிறகு பார்ப்பதற்காகவே போக ஆரம்பித்தார். பிறகு அதன் இன்ஜினைக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தார். பாய்க்குக் கார் தேவைப்படவில்லை. பூநாரை பார்க்க வருகிறவர்களை ஏரியில் ஏற்றிப் போக ஒரு படகுதான் தேவைப்பட்டது. எங்கள் ஃபைபர் படகு பாய் வீட்டுக்குப் போனது. கரை மண்ணில் ஓட்ட முடியாத கார், ராத்திரியில் டிராக்டரில் கட்டி இழுக்கப்பட்டு எங்கள் குப்பத்துக்கு வந்தது.

இரண்டே கதவுகள் உள்ள இந்த வகை ஆடம்பரக் காருக்குக் 'கூப்பே' என்று பெயர் என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. எங்கள் குப்பத்தில் அதற்கு 'ரெண்டு கதவு' என்று பெயர். அதன் மூக்கு படகின் மூக்கை விட நீளம். பாதி வண்டியை இன்ஜினுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தோல் இருக்கை போட்டிருந்தார்கள். பின்னால் இருந்த ஒரு முழப் பலகை மாதிரியான இடத்தில் கால் மடக்கி உட்கார என் அளவு ஆளால்தான் முடியும். ஷேர் ஆட்டோவில் கூடைகளோடு பதினொரு பேர் போகிற ஊரில், இவ்வளவு பெரிய வண்டியை இரண்டு பேருக்காகச் செய்தவன் யார் என்று எல்லோரும் கேட்டார்கள். நைனா அதற்குச் சொன்ன பதில் இன்றும் எனக்குக் கேட்கிறது.

"யாருக்கும் எடம் உடல பாரு. அதான் அழகு."

அவர் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவர். சோறு தின்னும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். வாடைக் காற்று அடித்தால் வாசலுக்குப் போவார், கச்சான் காற்று அடித்தால் கரைக்குப் போவார், காற்றே இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று பார்க்கப் போவார். அவர் பிறந்ததிலிருந்து, படகைத் தவிர, அவருடையது என்று சொல்ல எதுவும் முழுதாக இருந்ததில்லை. வலையில் அண்ணனுக்குப் பங்கு, பிடித்த மீனில் உடன் வந்தவனுக்குப் பங்கு. ஏரியோ யாருக்கும் சொந்தமில்லை. இறால் ஓடும் இடங்களை எங்கள் குப்பத்து வீடுகள் முறை வைத்துக்கொள்ளும். இன்று இந்த வீடு, நாளை அடுத்த வீடு. இதற்குப் 'பாடு' என்று பெயர். தன் முறை வந்த நாளில் வலை விடாதவனுக்கு அந்த முறை போனது போனதுதான்; வரிசை மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். சண்டை வராமல் இருக்க இதை விட நல்ல ஏற்பாடு கிடையாது என்று நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வாழ்நாள் முழுவதும் வரிசையில் நிற்கிற ஒருவனுக்கு ஒரே ஒரு பொருளாவது வரிசைக்கு வெளியே வேண்டியிருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது.

சாயங்காலங்களில் என்னையும் ஏற்றிக்கொண்டு கதவை இழுத்து மூடுவார். அந்தக் கதவு அறையாது, 'டொப்' என்று கனமாக, மெதுவாக விழும். விழுந்தவுடன் காற்று நின்றுவிடும். பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை காதில் காற்றும் கடலும் இரைந்துகொண்டே இருக்கும் ஊரில் அது எப்படிப்பட்டது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வது கடினம். உள்ளே பழைய தோல் வாசனை, அதற்கு அடியில் யாரோ என்றோ பிடித்த சுருட்டு வாசனை. எதிரே பளபளக்கும் மரப்பலகையில் முள் நின்றுபோன ஒரு கடிகாரம். நைனாவின் கால் அங்கே மட்டும் ஆடவில்லை.

"நின்னுடுச்சு பாரு" என்பார், ஏதோ அவரே நிறுத்தியது போல.

அம்மா அதில் ஏறவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் "எனக்குக் கூடை கீது, கூடைக்கு எடம் கீதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

ஏரியில் எங்கள் பாடு நெருங்கியபோதுதான் சிக்கல் வந்தது. முறை இருக்கிறது, வலை இருக்கிறது, படகு இல்லை. அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது.

"ஏரில எனக்கு மொறை கீதா இல்லியா?" என்று கேட்டார் நைனா.

"மொறை கீது. போட்டு கீதா?" என்றார் ஊர்த் தலைவர். கூட்டம் சிரித்தது.

அம்மாவின் தம்பி செல்வம் மாமாதான் எழுந்தார். "என் போட்ட நான் தரேன் மச்சான். ஆனா ஊரான் போட்ல வலை உடறவன் வண்டிய மட்டும் பூட்டி வெச்சிக்கினு குந்தக் கூடாது. அதுக்கும் மொறை வை."

"அது என்து! என் போட்ட குடுத்து வாங்கனது!"

"வண்டி உன்துதாம்பா" என்றார் தலைவர். "அது நிக்கிற எடம் ஊருது. போட்டு வரிசைல கொணாந்து நிறுத்துனது யாரு? நீதான?"

தார் ரோட்டோரம் நிறுத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தன் பொருளைத் தன் இடத்தில் நிறுத்த வேண்டும் என்று நினைத்தார் நைனா. அவருக்குத் தெரிந்த தன் இடம் அது ஒன்றுதான்.

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது: "ரெண்டு பேர் குந்தற வண்டிக்கு அத்தினி வூடும் மொறையா? பொண்ணு மாப்ள குந்திக்கினா மாமியாக்காரி இன்னா பின்னாலயே ஓடியாரதா?"

"ஓடட்டும், கொழுப்பு கொறையும்" என்றாள் இன்னொருத்தி.

அன்றிலிருந்து 'ரெண்டு கதவு'க்கும் பாடு வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு நாள், பெட்ரோல் அவரவர் பொறுப்பு. கல்யாண ஜோடிகள் நைனாவுக்குப் பக்கத்து ஒற்றை இருக்கையில் நெருக்கிக்கொண்டு போனார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய், ஆண் குழந்தையோடு திரும்பினாள். ஒரு வீட்டுக்காரர் டிக்கியில் ஐஸ் போட்ட இறால் பெட்டியை ஏற்ற, அந்தத் தண்ணீர் கசிந்து, பூனைகள் ஒரு வாரம் காரைச் சுற்றி வந்தன. இன்னொருவர் எங்கும் போகவில்லை; தன் நாள் முழுவதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர்களுக்கு வணக்கம் வைத்தார். மண்ணில் பனம்பலகை போட்டு, நாலு பேர் தள்ளி, ரோட்டுக்கு ஏற்றி, எல்லா முறையும் நைனாதான் ஓட்டினார். வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. காருக்குச் சொந்தக்காரர் மாதக்கணக்கில் ஊருக்கு டிரைவராக இருந்தார். கால் மறுபடி ஆட ஆரம்பித்தது, இப்போது கிளட்ச் மேலேயே.

வரிசையில் எங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் இருந்தது. நைனா அந்த நாளுக்காகக் காத்திருந்தார். யாரையும் ஏற்றாமல் பாலம் தாண்டி, மீஞ்சூர் தாண்டி, பெட்ரோல் இருக்கும் வரை போய்த் திரும்ப வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அந்த நாள் வந்தது. ஏரியில் எங்கள் பாடும் அதே நாளில் வந்தது. இரண்டு வரிசைகளும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரு நாள் வந்து முட்டும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. இறால் நன்றாக ஓடிய அமாவாசைப் பக்கம் அது.

விடிந்தும் விடியாததுமாக நைனா காருக்கும் தண்ணீருக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். கார் வரை போவார், கைப்பிடியைத் தொடுவார், திரும்புவார். மாமா படகில் நின்று கத்தினார்: "மச்சான், வரியா இல்லியா? தண்ணி ஓடுது!"

அம்மா வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைனா அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். அதை அவர் வேறு யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை. நேராக வந்து அம்மாவின் கையில் வைத்தார். "இன்னிக்கு நம்ம மொறை. நீ வெச்சிக்கோமே" என்று சொல்லிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடிப் படகில் ஏறினார்.

அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையை வாசலில் வைத்துவிட்டுப் போய், நைனா உட்காரும் பக்கமே ஏறினாள். நான் பின்பலகையில் ஒடுங்கினேன். கதவு 'டொப்' என்று விழுந்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"கடல் சத்தம் எங்கடி போச்சு?" என்று கேட்டாள்.

பிறகு தூங்கிவிட்டாள். பகலில் அம்மா தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. வழக்கமாக அவளிடம் மீன் வாங்குகிறவர்கள் வந்து கண்ணாடியைத் தட்டினார்கள். நான் உள்ளேயிருந்து கையை ஆட்டி அனுப்பினேன். நைனா இறாலோடு திரும்பியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. அவர் கதவைத் திறக்கவில்லை. நிழல் இல்லாத இடத்தில், காருக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடியபடி, அவள் விழிக்கும்வரை நின்றார்.

இறங்கியதும் அம்மா சொன்னாள்: "அடுத்த தபா மொறை வந்தா பாலம் தாண்டிப் போலாம்யா. நானும் வரேன்."

அடுத்த முறை மழைக்காலத்தில் வந்தது. அம்மா பெட்டியிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் காற்றாட விட்டிருந்தாள். எங்கள் நாளுக்கு முந்திய நாள், முகத்துவாரம் மண் மூடிக் கிடந்த நேரத்தில், ஆற்று வெள்ளமும் மழையும் சேர்ந்து ஏரி கரையேறியது. அதிகாலையில் ஊர் முழுவதும் படகு வரிசைக்கு ஓடியது. தண்ணீர் ஏறும்போது படகைக் கட்டிய கயிற்றை நீளமாகத் தளர்த்திவிட வேண்டும்; தண்ணீரோடு படகு தானே உயர்ந்துகொள்ளும். ஒவ்வொருவரும் தன் கட்டைக்குப் போய்க் கயிற்றைத் தளர்த்தினார். நைனாவும் தன் கட்டைக்குப் போனார். முடிச்சை அவிழ்த்தார். காரின் கயிற்றைத் தாராளமாக விட்டார், மறுபடி முடிந்தார். பிறகு மாமாவின் படகுக்கு உதவப் போனார்.

கொஞ்சம் கழித்து மாமாதான் கவனித்தார்.

"இன்னா மச்சான்... கயிறா உட்ட?"

நைனா திரும்பிப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். இருபுறமும் படகுகள் எழும்பி ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் 'ரெண்டு கதவு' முன்விளக்கு வரை தண்ணீரில், நின்ற இடத்திலேயே நின்றது. ஆட்கள் வந்து தள்ளினார்கள். அதற்குள் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் இடத்தில் அவர்களும் கயிற்றைத்தான் விட்டிருப்பார்கள்.

உப்புத் தண்ணீர் குடித்த இன்ஜினை அவர் பல மாதங்கள் கழற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கோடையில் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து, துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் போனார். அம்மா அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கூடையோடு வியாபாரத்துக்குப் போனாள்.

போன மாதம் சென்னையில் பழைய கார்களின் கண்காட்சி ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். அதே மூக்கு, அதே உருண்டை விளக்குகள், நிறம் மட்டும் வெள்ளை. சுற்றிலும் கயிறு கட்டி, தொட வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். சொந்தக்காரர் வயதானவர். ஏன் இதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "என் பையன் கையில்கூட இந்தச் சாவியைக் கொடுத்ததில்லை" என்றார். அதையே பதிலாக எழுதிக்கொண்டேன். கதவை ஒரு தரம் மூடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து நைனாவுக்கு அனுப்பினேன். "டூட்டில கீறேன்மா, அப்பறம் கேக்கறேன்" என்று பதில் வந்தது.

நாங்கள் படகு நிறுத்திய கரையில் இப்போது கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். வரிசை கிடையாது, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிறுத்துகிறார்கள். மாமா, ஏரிக்கு ஆபத்து என்று காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு எதிராக நடக்கும் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிறார். நைனா அதே துறைமுகத்துக்கு ஆட்களை ஏற்றும் ஒரு கான்ட்ராக்டரிடம் டிரைவர். நல்ல வண்டி, ஏசி உண்டு, கண்ணாடியை ஏற்றினால் வெளிச்சத்தம் கேட்காது. ஒரு வண்டிக்கு மூன்று டிரைவர்கள். இந்த வாரம் நைனாவின் முறை காலை ஆறு மணிக்கு.