நான் டயருக்கு யாஸீன் ஓதிய நாள்

என் பெயரில் இன்று ஐந்து வேன்கள் ஓடுகின்றன. மருதமுனையில் நெய்த சாரங்களைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்த் திரும்புகின்றன. இருபது வருடத்தில் அவற்றில் ஒன்றாவது நடுறோட்டில் டயர் வெடித்து நின்றது என்று யாராவது சொல்லட்டும், அந்த வேனை அவருக்கே எழுதித் தந்துவிடுகிறேன். வேன் புறப்படுமுன் நான் சுற்றிவந்து டயர்களைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, ட்ரைவர்மார் தங்களுக்குள் எனக்கு 'டாக்குத்தரம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் டயரைப் பற்றி எந்த எஞ்சினியரும் என்னோடு கதைத்து வெல்ல முடியாது. அவர்கள் புத்தகத்தில் படித்ததை நான் ஒன்பது வயதில் ஒரு பெரும் பிழை செய்து படித்தேன்.

எழுபத்தொன்பதோ எண்பதோ இருக்கும். சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டி எங்கள் வீடு. உம்மாவின் தம்பி, எனக்குச் சின்ன மாமா, ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் வைத்து வாடகைக்கு ஹயர் ஓடினார். ஊரில் கார் வைத்திருந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்கள் ஏறி அமர்ந்து ஓட்டிப் போவார்கள். மாமா அப்படி ஏறவே மாட்டார். ஹயருக்கு வந்தவர் அக்கரைப்பற்று உதவி அரசாங்க அதிபராக இருந்தாலும் காத்துத்தான் நிற்க வேண்டும். முதலில் நாலு டயரையும் ஒருமுறை சுற்றி வருவார். முஷ்டியால் ஒவ்வொன்றையும் தட்டி, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பார். உள்பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை ஓடவிட்டு வீக்கம் இருக்கிறதா என்று தடவுவார். டயர் முகத்துப் பள்ள வெட்டுக்குள் மாட்டிய கற்களை ஆணியால் கிண்டி எடுப்பார். தீக்குச்சியைத் தலைகீழாக அந்த வெட்டுக்குள் விடுவார். மருந்துத் தலை முழுதாய் மறைந்தால் டயர் நல்லது, வெளியே தெரிந்தால் அது புது ரப்பர் ஒட்ட ரீபில்ட்டுக்குப் போக வேண்டியது. எங்களுக்குக் குர்ஆன் ஓதித்தரும் ஓதப்பள்ளி லெப்பைகூடக் கிதாபை அவ்வளவு கவனமாகப் பார்த்ததை நான் கண்டதில்லை.

எனக்கு மயிர்க்கூச்செறியும் காட்சி ஒன்று உண்டு. அது மாலையில்தான் நடக்கும். பெரிய றோட்டிலிருந்து எங்கள் வீடு வரை கணுக்கால் புதையும் மணல். காற்று நிறைந்த டயர் அதில் புதைந்துவிடும். அதனால் மாமா றோட்டோரம் நிறுத்தி, சக்கரச் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, வால்வின் ஊசியைத் தீக்குச்சியால் அமர்த்திக் காற்றை இறக்குவார். உஸ்ஸென்று சத்தம் வரும். அந்நேரம் அவர் வாய் குர்ஆனின் நாலே வசனச் சூறாவான குல்ஹுவல்லாஹுவை மூன்று முறை ஓதும். முடித்ததும் குச்சியை எடுத்துவிட்டு அடுத்த சில்லுக்குப் போவார். திரும்பத் தார் றோட்டில் ஏறுமுன் கைப்பம்பால் அடித்து இறக்கிய காற்றை மீண்டும் நிரப்புவார். காற்றளக்கும் கருவி அவரிடம் இல்லை. ஓதும் நேரந்தான் அவருக்கு அளவு. உம்மா முட்டை அவிப்பதும் அப்படி ஓதும் நேரத்தை அளவாக வைத்துத்தான். இதெல்லாம் நான் பிற்பாடு விளங்கிக்கொண்டது.

அன்று நான் விளங்கிக்கொண்டது வேறு. லெப்பை தண்ணீருக்கு ஓதி ஊதுவதைப் பார்த்தவள் நான். மாமா டயருக்கு ஓதுகிறார், டயர் உஸ்ஸென்று அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் அவருடைய கார் எந்தக் காலத்திலும் விழுந்து புரளவில்லை என்று உறுதியாக நம்பினேன்.

உம்மாவுக்கு அப்போது நிறைமாதம். மருத்துவிச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நோவு தொடங்கினால் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம், நேரே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிதான் என்று சொல்லிப் போனாள். வாப்பா வட்டைக்கு வயல் வேலைக்குப் போவதை நிறுத்தினார். மாமா ஹயரை நிறுத்திவிட்டுக் காரை எங்கள் வளவுக்குள் கொண்டுவந்து விட்டார். பெரியவர்கள் கதைக்கும்போது 'மௌத்து' என்ற சாவுச் சொல் ஒருமுறை என் காதில் விழுந்தது. அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பகல் லுஹர் தொழுதுவிட்டு மாமா உறங்கிப் போனார். எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்கரைப்பற்று ஹயருக்கே மூன்று குல்ஹு என்றால், என் உம்மாவைக் கொண்டுபோகும் காருக்கு அது காணுமா? குர்ஆனில் எண்பத்து மூன்று வசனமுள்ள யாஸீன் முழுவதும் எனக்குப் பாடம். எங்கள் ஒழுங்கையில் அந்த வயதில் அதைப் பாடமாக்கியவள் நான் ஒருத்திதான், அதை இப்போதும் சொல்லிக்கொள்வேன். முக்காட்டைச் சரிசெய்து, பின்பக்கத்துச் சில்லருகே குந்தி, காருக்குள் கிடந்த தீப்பெட்டியில் எடுத்த குச்சியால் வால்வை அமர்த்தி, யாஸீனைத் தொடங்கினேன்.

டயர் ஆவலோடு இழுத்துக்கொண்டது. நான் ஓத ஓத, கார் அந்தப் பக்கமாக மெல்லத் தணிந்து, தொழுகையில் சுஜூதுக்குத் தலை தாழ்த்துவதுபோல் மணலில் சாய்ந்தது. பாதி யாஸீனிலேயே சத்தம் ஓய்ந்துவிட்டது, ஆனாலும் அரைகுறையாக விடக்கூடாதென்று கடைசிவரை ஓதினேன். அடுத்த சில்லுக்குப் போக எழுந்தபோது உள்ளேயிருந்து உம்மாவின் அலறல் கேட்டது. குச்சியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கதிரையில் வைத்து உம்மாவைத் தூக்கி வந்தார்கள். கண் சிவக்க எழுந்துவந்த மாமா, அப்போதும் நேரே ஏறவில்லை. சுற்றி வரத் தொடங்கினார். வாப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"உயிர் போற நேரத்துல மாடு வாங்க வந்தவனப் போல சுத்திச் சுத்திப் பாக்கான்" என்றார்.

உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "அவனப் பாக்க உடுங்க. அவன் பாக்காம நான் ஏறமாட்டன்" என்றா.

மாமா பின்பக்கம் வந்து நின்றார். றிம் மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலதிகச் சில்லு பங்சர் ஒட்டுக்கடையில் கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார். வால்வின் மூடியும் என் தீக்குச்சியும் அங்கேயே கிடந்தன. தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு கணந்தான். பிறகு குச்சியின் மேல் காலை வைத்து மணலுக்குள் அமர்த்தினார்.

"வால்வு பழுது மச்சான். பாக்காம உட்டது என்ட பிழைதான்."

வாப்பா ஏசினார் என்றால் அப்படியொரு ஏச்சு. நீயெல்லாம் கார் வைத்திருப்பதைவிட மாட்டுக் கரத்தை வைத்திருக்கலாம் என்றார். மாமா காருக்கடியில் ஜக் போட்டு உயர்த்தி, கைப்பம்பை அடித்தார். உம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு முனகினா. நான் அவவின் அடுத்த கையைப் பிடித்திருந்தேன். அவ விடாததால் என்னையும் பின்சீட்டில் ஏற்றினார்கள்.

மணலைத் தாண்டிப் பெரிய றோட்டு வந்ததும் மாமா காரை நிறுத்திவிட்டு மறுபடியும் பம்பைக் கையில் எடுத்தார். வாப்பா கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார். அன்று மாமா பதில் சொன்னது அந்த ஒருமுறைதான்.

"இது மண்ணுக்கு வெச்ச காத்து. இதோட தார் றோட்டுல உட்டா சூடேறி வெடிக்கும். வெடிச்சா ராத்தாவ எதில கொண்டு போற? ஏசுறதெண்டா ஏசுங்க மச்சான், ஒரு சில்ல நீங்க அடிச்சிக்கிட்டு ஏசுங்க."

வாப்பா ஏசிக்கொண்டே ஒரு சில்லுக்கு அடித்தார்.

கல்லாற்றுப் பாலம் தாண்டியதும் மாமா மீண்டும் இறங்கி, புறங்கையை ஒவ்வொரு டயரிலும் வைத்துப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோலத்தான் இருந்தது. அந்தப் பின்சில்லில் மட்டும் கையைக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தார். என் பக்கத்தில் உம்மா முனகுவது நின்றிருந்தது. அது எனக்கு முனகலைவிடப் பயமாக இருந்தது. மாமா ஏறினார், அதன்பிறகு கார் பறந்தது. கல்லடிப் பாலத்தின் இரும்பு கடகடத்தது மட்டும் நினைவிருக்கிறது.

வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் இரண்டு மௌத்து என்று டாக்குத்தர் சொன்னாராம். உம்மா பிழைத்தா. அன்று பிறந்த தம்பிக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. என் ஐந்து வேன்களில் ஒன்றை அவன்தான் ஓட்டுகிறான். அவனுக்கும் நான் டயரைப் பார்த்துவிட்டுத்தான் வேனின் திறப்பைக் கொடுப்பேன்.

டயர் இறங்கியது எப்படி என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை. பழுதான வால்வைக் கவனிக்காத ட்ரைவர் என்று மாமாவைத்தான் வாப்பா நெடுநாள் சொல்லித் திரிந்தார். நானோ யாஸீனால்தான் உம்மா பிழைத்தா என்ற பெருமையில் இருந்தேன்.

உம்மா வீடு வந்த வாரம், மாலையில் மாமா றோட்டோரம் காரை நிறுத்துவதைக் கண்டு ஓடிப்போனேன். அவர் குந்தினார். குச்சியை வைத்தார். உஸ்ஸென்றது. ஆனால் உதடுகள் அசையவில்லை. இறுக மூடிய வாயோடு ஒரு கணக்கு வைத்து, குச்சியை எடுத்தார். நாலு சில்லிலும் அப்படியே. வேலை முடிந்ததும் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார், முன்போல காருக்குள் வைக்கவில்லை.

எனக்குத் துக்கமாகப் போய்விட்டது. அந்தப் பெரிய நாளில் நான் ஓதிய முழு யாஸீனுக்கு முன்னால் தன் மூன்று குல்ஹு சின்னதென்று மாமாவுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "பரவாயில்ல மாமா, நான் யாஸீன் ஓதினா என்ன, நீங்களும் ஓதுங்க" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன். மாமா அப்படியே மணலில் அமர்ந்துவிட்டார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்தார், மறுபடியும் சிரித்தார்.

அவர் ஏன் அவ்வளவு சிரித்தார், ஏன் கண்ணைத் துடைத்தார் என்று விளங்காமல், நானும் சேர்ந்து சிரித்தேன்.