உயிருள்ள முகம் தென்படவில்லை

துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, போகிறவர் வருகிறவரையெல்லாம் ஏளனமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிற பொம்மைகளை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். அந்த ஏளனத்தையும் ஒருவர் உட்கார்ந்து வரைந்திருப்பார் என்று நமக்குத் தோன்றியதில்லை. நமக்குச் சட்டையின் விலைதான் கண்ணில் படும். அந்தக் கடைவீதியில் நின்ற பொம்மைகளில் முக்கால்வாசிக்கு மூக்கு வைத்தவள் ஒருத்தி இருந்தாள். பொம்மையக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும் என்று எழுத ஆசைதான். ஆனால் வெகுகாலம் யாருக்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். ஒருநாள் வாசலில் நின்ற பொம்மையின் கை கழன்று, உள்ளே நுழைந்த வாடிக்கையாளரின் தோளில் உரிமையோடு விழுந்தது. அந்த அம்மாள் போட்ட கூச்சலில் மேனேஜர் ஆடிப்போய், "இதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றார். அவள் குப்பையில் போடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், விரிசலை அடைக்கப் பட்டி மாவு பூசி, உப்புத்தாளால் தேய்த்து, நகத்துக்கு ஓரத்தில் இளஞ்சிவப்பு வைத்து மறுவாரம் கொண்டுவந்து மாட்டினாள். பழைய கையைவிடப் புதுக்கை லட்சணமாக இருந்ததால், அதற்குப் பொருத்தமாக மற்ற கையையும் மாற்றச் சொன்னார் மேனேஜர். அதோடு அவளுடைய விற்பனை வேலை போய், இந்த வேலை வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் பொம்மைகளைக் கடைகடையாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வேன்காரரைத்தான் கட்டிக்கொண்டாள். தங்கமான மனிதர், வாயை மூடிக்கொண்டிருக்கும்போது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை ஆரம்பித்தபோது, வாசலில் ஆள் உயரத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தார். பலகையில் அவர் படம். கறுப்புக் கண்ணாடி, தாடையில் ஒற்றை விரல், ஏதோ பெரிய விஷயத்தை யோசிப்பதுபோல ஒரு பார்வை. பொம்மை வேலையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம், உடைந்து விழுந்த விரலைக் கீழே குனிந்து பொறுக்கி மனைவியிடம் கொடுப்பது. ஆனாலும் கடைவீதி முழுக்க அவருக்கு 'ஓனர்' என்று பெயர். "ஓனர் கைராசிக்காரர்" என்பார்கள். அவள் நேரில் போய் நின்றால், "ஓனர் வரலையாம்மா?" என்று அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது. அவளுக்கு அது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை; யாரும் கேட்கவும் இல்லை.

பிறகுதான் கையில் நல்ல போன் வந்தது. யாரிடமும் சொல்லாமல் சமூக வலைத்தளத்தில் பட்டறைக்கு ஒரு பக்கம் தொடங்கினாள். முகப்பில் தன் படத்தைப் போட்டாள். தலைமுடியெல்லாம் பட்டித் தூள், கன்னத்தில் முகமூடி பதிந்த தடம், கக்கத்தில் வழுக்கைத் தலைப் பொம்மை ஒன்று. கீழே, 'இதையெல்லாம் செய்வது நான்தான்' என்று எழுதினாள். அவ்வளவுதான். மொட்டைத் தலையோடு வந்த பொம்மை மூக்கும் முழியுமாக மாறுகிற படங்களை ஜனங்கள் பார்த்துக் கிறங்கிப்போனார்கள். எங்கெங்கோ இருந்து கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். நேரில் போனால், "அட, நீங்கதானா அந்த பொம்மையக்கா!" என்று நாற்காலி இழுத்துப் போட்டார்கள். ஆர்டர் வந்ததும் சந்தோஷம்தான். ஆனால் அந்த 'நீங்கதானா'வைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தைத் தானே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில் ஒரு பெரிய கடைக்குக் கைகள் செய்யவேண்டி வந்தது. வண்ணம் அடித்த கைகளை வரிசையாகக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டாள். வெயில் பட்டு அவை அசல் கைகளாகவே மின்னின. புறங்கையில் மெல்லிய பச்சை நரம்பு ஓடுவதுகூட அவள் கைவண்ணம். அழகில் சொக்கிப்போய்ப் படம் எடுத்து, 'கைகள் தயார். தலையில்லாத உடல் ஒன்றும் மீதி இருக்கிறது. வேண்டியவர்கள் அழைக்கவும்' என்று போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் பக்கத்தைக் காணோம்.

பக்கம் இருந்த இடத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது. 'மனித உடல் உறுப்புகளை விற்பனை செய்ய முயன்றதற்காக உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. எங்கள் சமூகத்தின் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்.' அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாவது தடவை படித்தபோது, வெட்கமில்லாமல் சொல்வதானால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இருபது வருஷத்தில் ஒரு கடைக்காரன்கூட அவள் வேலையை இந்த அளவுக்குப் புகழ்ந்ததில்லை.

பெருமை சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் ஓடிவந்தாள். யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்கு முதலில் தெரிந்துவிடும்.

"என்ன அண்ணி, கை கால் எல்லாம் விக்கிறீங்களாமே? உங்க பக்கத்தைத் தேடினா அப்படித்தான் எழுதியிருக்கு. எங்க தெருவே பேசுது."

"உங்க தெருவுக்கு யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். வேற யாராவது தப்பா சொல்லிடக் கூடாதில்ல?"

இப்படிப்பட்ட நல்ல மனசு எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். பொம்மையக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, காபி கலந்து கொடுத்து அனுப்பிவைத்தாள்.

முறையீடு செய்யலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். 'இவை பொம்மைக் கைகள். உள்ளே பஞ்சுகூடக் கிடையாது' என்று விளக்கமாக எழுதி அனுப்பினாள். போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'உங்கள் முறையீட்டை எங்கள் குழு மிகுந்த கவனத்துடன் பரிசீலித்தது. எங்கள் முடிவில் மாற்றமில்லை.' மிகுந்த கவனத்துக்கு ஒரு தும்மல் போடுகிற நேரம்தான் பிடித்திருந்தது. அடுத்து உதவி மையம் என்று ஒன்று. அங்கே ஒரு இயந்திரம் தேன் ஒழுகப் பேசியது. 'வணக்கம்! உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. இது பயனுள்ளதாக இருந்ததா?' எது என்று கேட்டாள். 'மிக்க மகிழ்ச்சி! வேறு ஏதாவது உதவி வேண்டுமா?' என்றது. மனிதர் யாரிடமாவது பேசவேண்டும் என்றாள். மனிதர்களைப் பற்றிய கட்டுரைகள் என்று ஒரு பட்டியலைக் காட்டியது.

கணவர் இந்தக் கூத்தையெல்லாம் சாய்வு நாற்காலியில் இருந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் ஆரம்பத்திலேயே என்னைக் கேட்டிருக்கணும்கிறது."

"கேட்டிருந்தா?"

"என் படத்தைப் போட்டிருப்பேன்ல? என் மூஞ்சியைப் பார்த்தா ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. அதை விடு. புதுசா ஒண்ணு ஆரம்பிப்போம். பலகையில இருக்கிற படமே போதும், எடுப்பா இருக்கும்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பக்கம் போனால் ஆர்டர் குறையும், சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் மறுபடியும் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள அவளுக்கு உடம்பு கூசியது. "என் பக்கம் எனக்குத் திரும்பி வரும். நீங்க பேசாம இருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் பேசாமல் இருப்பதற்கு மிகவும் சிரமப்பட்டார்.

கெஞ்சிக் கூத்தாடியதில், கடைசி வாய்ப்பு என்று ஒன்றை இயந்திரம் நீட்டியது. கணக்கின் சொந்தக்காரர் உண்மையான மனிதர்தான் என்று முகத்தைக் காட்டி நிரூபிக்கவேண்டும். காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, மெதுவாக இடப்பக்கம் திரும்பி, மெதுவாக வலப்பக்கம் திரும்பவேண்டும். மனிதனாகப் பிறந்தவருக்கு இதில் என்ன கஷ்டம் என்று அவளும் நினைத்தாள். வேலைக்கு நடுவிலேயே உட்கார்ந்து திரும்பினாள். 'உயிருள்ள முகம் தென்படவில்லை' என்று வந்தது. பட்டித் தூள்தான் காரணம் என்று நினைத்து, முகத்தைத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். 'உயிருள்ள முகம் தென்படவில்லை.'

"கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்து பாரேன்" என்றார் கணவர். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் உயிர் நிறையவே இருந்தது. காமிராவுக்குத்தான் அது தெரியவில்லை.

சரி, வெளிச்சம் போதவில்லையோ என்று போனை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். ஜன்னலுக்கு எதிரே வண்ணக் குவளையில் போனைச் சாய்த்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் வழக்கமான வேலை தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. வண்ணம் அடித்த தலைகளை உலர்த்துவதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். இறக்கைகளைக் கழற்றிவிட்ட பழைய டேபிள் ஃபேனின் மண்டையில் பொம்மைத் தலையைக் கட்டி, சுவிட்சைப் போட்டுவிடுவாள். அது ஜன்னல் காற்றில் இடமும் வலமுமாக நிதானமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். வண்ணம் ஒருபக்கமாக வழியாமல் சீராக உலரும். அன்றைக்கு அதில் இருந்தவள் உதட்டுக்குப் புதுச்சாயம் பூசியிருந்த ஒருத்தி.

'தயாரா?' என்று கேட்டது போன். தயார் என்று அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து மூக்கில் பட்டித் தூள் ஏறி, தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. தும்மல் வந்தால் உலர்ந்துகொண்டிருக்கும் வண்ணத்தின் மேல் படாமல் மேசைக்கு அடியில் குனிந்து தும்முவது அவளுடைய பல வருஷப் பழக்கம். குனிந்தாள். ஒன்றில் நிற்கவில்லை, வரிசையாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, திரையில் பெரிய பச்சை அடையாளம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 'வாழ்த்துகள்! நீங்கள் உண்மையான மனிதர் என்பது உறுதியானது.'

எப்படி உறுதியானது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலைமையிலும் இல்லை. பக்கம் திரும்பி வந்திருந்தது, கொடிக்கயிற்றுக் கைகள் வந்திருந்தன, கக்கத்தில் மொட்டைத் தலையோடு அவள் படமும் வந்திருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனாருக்குத் தானே போன் போட்டாள்.

"உங்க தெருவுல எல்லாருக்கும் சொல்லிடு. நான் மனுஷிதான்னு கம்பெனியே சொல்லிடுச்சு."

"அப்படியா அண்ணி? எழுத்துல கொடுத்திருக்காங்களா?" என்றாள் நாத்தனார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அந்தச் சந்தோஷத்துக்கும் ஆயுள் கெட்டியில்லை. மறுநாள் வேலையில் இருந்தபோது போன் சிணுங்கியது. 'எச்சரிக்கை! உங்கள் பக்கத்தின் முகப்பில் உள்ள படம், உறுதிசெய்யப்பட்ட உரிமையாளரின் முகத்துடன் பொருந்தவில்லை. வேறொருவர் உங்களைப்போல் நடித்துப் பிறரை ஏமாற்ற முயலலாம்.' கீழே இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இடப்பக்கம் உறுதிசெய்யப்பட்ட உரிமையாளர்: தலையைச் சற்றே ஒருபுறம் திருப்பி, சாயம் பூசிய உதட்டோடு, போகிறவர் வருகிறவரை ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற பொம்மை. ஒரு புருவம்கூட இன்னும் வரையாமல் பாக்கி இருந்தது. அதையெல்லாம் இயந்திரம் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டது. வலப்பக்கம் ஏமாற்றுக்காரி: பட்டித் தூளும் பல்லுமாகச் சிரித்துக்கொண்டு பொம்மையக்கா.

அவள் படபடவென்று எழுதினாள். அந்த முகம் பொம்மை, இந்த முகம்தான் நான், பக்கம் என்னுடையது. 'உங்கள் அக்கறைக்கு நன்றி' என்றது இயந்திரம். 'பாதுகாப்புக் காரணங்களால், பக்கத்தின் உரிமையாளரிடம் மட்டுமே இதுபற்றிப் பேசமுடியும்.' நான்தான் உரிமையாளர் என்றாள். முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினாள். 'மன்னிக்கவும், இது உரிமையாளரின் முகம் இல்லை.' வழி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பொய்யான படத்தை நீக்கிவிட்டு உண்மையான முகத்தை முகப்பில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பக்கம் நிரந்தரமாகப் போய்விடும்; மறுபடி முறையிடவும் முடியாது. அதற்குத் தோதாக ஒரு பொத்தானும் கொடுத்திருந்தார்கள்: 'இந்தப் படத்தில் இருப்பது நான் இல்லை.'

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கோபத்தில் அழுகை வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். உடனே பொறுப்பாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேசாம நான் சொன்னமாதிரி என் பேர்ல புதுசா ஆரம்பிச்சிடலாமா? பலகைப் படம் இருக்கு."

அவள் 'இந்தப் படத்தில் இருப்பது நான் இல்லை' என்ற பொத்தானின் மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்து அழுத்தினாள். அவள் முகம் போய், அந்த இடத்தில் பொம்மையின் முகம் வந்து உட்கார்ந்தது. கீழே, 'இதையெல்லாம் செய்வது நான்தான்' என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது. கொஞ்சநேரத்தில் ஒரு கடைக்காரரிடமிருந்து ஆர்டர் வந்தது. 'மேடம், புதுப் படம் ரொம்ப அழகு' என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

"பார்த்தியா, இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு?" என்றார் கணவர், அவளைத் தேற்றுகிற எண்ணத்தில். "ஆர்டர் வருதுல்ல? யாரு மூஞ்சி இருந்தா என்ன?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இருபது வருஷம் உங்க மூஞ்சி இருந்துச்சு. அதுக்கு இது எவ்வளவோ தேவலைங்க. இந்த மூஞ்சியையாவது நான் செஞ்சேன்."