புள்ளிச் சட்டை பார்க்கப் போன நாள்

இன்ஜினை அணைத்ததும் சஃபாரி ஓட்டுநர் முசெம்பி தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு காதை நீட்டுவார். பைனாகுலர் கழுத்தில் சும்மா தொங்கும். பின்னால், விலங்கு பார்க்க வந்த விருந்தினர்கள் ஆளுக்கொரு திசையில் கேமராவைத் திருப்பித் தவித்துக்கொண்டிருப்பார்கள். இவர் மேய்கிற மான்களை மட்டும் பார்ப்பார். அவை எல்லாம் ஒரே பக்கம் தலையைத் தூக்கினால், "சரி, ஐயா எழுந்துட்டாரு" என்று முனகிக்கொண்டு சாவியைத் திருப்புவார். எழுந்த ஐயா பெரும்பாலும் சிங்கமாகத்தான் இருப்பார்.

கென்யாவில் தாலெக் ஆற்றங்கரையில் இருந்த எங்கள் சஃபாரி முகாமில் பதினேழு வருஷம் நான் வண்டி பழுதுபார்த்தேன். எல்லோருக்கும் நான் 'ஃபுண்டி'தான். மெக்கானிக்கைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். மற்ற ஓட்டுநர்கள் கிளட்சை மிதிப்பதைப் பார்த்தால் பாம்பை மிதிக்கிறார்களோ என்று தோன்றும். என் வாயில் ஏச்சு வாங்காதவர் முசெம்பி ஒருவர்தான். அவர் வண்டி பட்டறைக்கு வந்தால் எனக்கு ஓய்வு நாள் மாதிரி. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது.

விருந்தினரிடம் பேச அவர் ஒரு தனிக் குரல் வைத்திருந்தார். வெதுவெதுப்பான, அவசரமில்லாத குரல். வருகிற ஒவ்வொரு கூட்டத்திடமும், "நீங்க அதிர்ஷ்டக்காரங்க, நேத்து வந்தவங்களுக்கு இதெல்லாம் கிடைக்கல" என்பார். நேற்று வந்தவர்களிடமும் அதையே சொல்லியிருப்பார். ரேடியோவில் சக ஓட்டுநர்களோடு பேசுவது வேறு பாஷை. சிங்கம் 'மீசைக்காரர்', யானை 'பெரிய காது', சிறுத்தை 'புள்ளிச் சட்டை'. நேரடியாகப் பெயரைச் சொல்லிவிட்டு, போய்ச் சேர்வதற்குள் அது புதருக்குள் நுழைந்துவிட்டால், விருந்தினர் முகத்தை யார் பார்ப்பது?

அவர் வீடு தொலைவில், மக்குவேனி மலைப்பக்கம். மாதம் நான்கு நாள் விடுப்பு. இப்படியே முப்பத்தொரு வருஷம். மூத்தவள் முத்தேயு பிறந்தபோது ஆற்றில் வெள்ளம், வண்டி அக்கரையில் மாட்டிக்கொண்டது. சின்னவள் பிறந்தபோது ஒரு வெளிநாட்டுத் தம்பதி, சிறுத்தையைப் பார்க்காமல் போக மாட்டோம் என்று இரண்டு நாள் கூடுதலாக இருந்துவிட்டார்கள். மனைவி கசீவா இரண்டையும் தனியாகவே பெற்று, தனியாகவே வளர்த்தாள்.

அவர் ஓய்வு பெறும் மாதம், நான் வண்டிக்கடியில் படுத்திருக்கையில் வந்து குந்தினார். "ஃபுண்டி, முத்தேயு அம்மா மொம்பாசாவுக்குப் போறாளாம், மக வீட்டுக்கே" என்றார். மாதம் நான்கு நாள் வந்து போன ஆளை முப்பது நாளும் வைத்துக்கொள்ளத் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாளாம். மூட்டைகூடக் கட்டியாகிவிட்டது. போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள்: அவர் இத்தனை வருஷம் கிடந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஏப்ரல் மழையில் விருந்தினர் வரத்து குறைவு. கியர்பாக்ஸ் மாற்றிய வண்டியை வெள்ளோட்டம் விட்டே ஆகவேண்டும், மெக்கானிக்கும் கூடவே போகவேண்டும் என்பது விதி. கூட யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்க ஆளில்லை. கசீவா பஸ் பிடித்து முகாமுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் கிளம்பினோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். கசீவா பின் இருக்கையில், கூரைத் திறப்புக்குக் கீழே. மடியில் ஒரு டப்பா; மக்காச்சோளமும் பயறும் வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

பாலம் தாண்டியதும் ஒரு யானைக் கூட்டம் குறுக்கே வந்தது. முசெம்பி வண்டியை அணைத்தார். பழக்கதோஷத்தில் அந்தத் தனிக் குரல் தானாக வந்துவிட்டது. "அம்மா, நீங்க அதிர்ஷ்டக்காரங்க. வலது பக்கம் பாருங்க. அவசரமே இல்ல, நிதானமா பாருங்க."

பின்னாலிருந்து கசீவா சொன்னாள்: "இந்தக் குரல இத்தனை வருஷம் எங்க வச்சிருந்தீங்க? கூரை ஒழுகுது, ஆட்டக் கட்டுன்னு கத்துற குரல்தான் எனக்குத் தெரியும்."

யானைகள் கடந்ததும் முசெம்பி சாவியைத் திருப்பினார். அவர் கழுத்து வியர்த்ததை நான் பார்த்தேன். கியர்பாக்ஸ் சத்தத்தைக் கவனிக்கிறவன்போல் குனிந்துகொண்டேன். மூன்று மைல் அப்படியே போனோம். வழியில் வரிக்குதிரைகள் நின்றன, அவர் வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை. எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது ரேடியோவில் அழைப்பு வந்தது. புள்ளிச் சட்டை ஆற்றோரத்து அத்தி மரத்தில் இருக்கிறதாம், முசெம்பி வரும்வரை இடம் பிடித்து வைத்திருக்கிறார்களாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே நான்கு வண்டிகள் நின்றன. முதல் வரிசைக்கு அடித்துக்கொள்கிற பயல்கள், அன்றைக்கு ஒவ்வொருவராகப் பின்வாங்கி வழிவிட்டார்கள். வண்டியில் இருப்பது அவர் மனைவி என்று எவன் போய்ச் சொன்னான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கசீவா இருக்கைமேல் ஏறி, திறப்பு வழியே தலையை நீட்டி நின்றாள். தலைக்கு நேரே இருந்த கிளையில் சிறுத்தை நான்கு காலையும் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"சின்னவ பொறந்தப்ப இதைத்தான் பார்த்துட்டு இருந்தீங்களா?"

"இதை இல்ல. இதோட பரம்பரையில ஒண்ண."

"எப்படி இருந்துச்சு?"

முசெம்பி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் எங்க பார்த்தேன்? அவங்க பார்த்தாங்க. நான் வண்டி அசையாம பிடிச்சுட்டு, கண்ணாடியில அவங்க மூஞ்சியப் பார்த்துட்டு இருந்தேன். உனக்கு வலி எடுத்திருக்குமோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"அப்ப மேல வாங்க" என்றாள் கசீவா. "வந்து பாருங்க."

சிறுத்தை பக்கத்தில் இருக்கும்போது ஓட்டுநர் இருக்கையை விட்டு எழக் கூடாது. புதிதாக வருகிற ஓட்டுநர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவரே முசெம்பிதான். என்னைப் பார்த்தார். சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கினார். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். விருந்தினர் இருக்கையில் அழுக்கு படக்கூடாது என்று சாக்ஸையும் கழற்றினார். பிறகு வெறுங்காலோடு இருக்கைகளுக்கு நடுவே புகுந்து மேலே ஏறினார். கசீவா டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு ஓரமாக நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.