குடிக்காதவர்

சிவகாசியில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலையில் இருந்தபோது அவரைப் பார்த்தேன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். நிமிரச் சொல்லிப் பார்த்தால், கருவிழிகள் இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன. நடையும் தள்ளாடியது.

“குடிச்சிட்டு வர்றேன்னு ஃபோர்மேன் கேட்லயே நிறுத்திட்டாரு தாயி. நான் அதத் தொட்டதே இல்ல. குடிக்கலன்னு ஒரு சீட்டு எளுதிக் குடுங்க, புண்ணியமாப் போகும்” என்று கும்பிட்டார்.

இப்படிக் கண் ஆடுவது சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும். காதுக்குள் கோளாறு வந்தாலும், தலையில் அடிபட்டாலும் ஆடும். இவருக்கு அதெல்லாம் இல்லை. வலிப்புக்குச் சாப்பிடும் மாத்திரை உடம்பில் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தவரிடம் உடனே போய் அளவை மாற்றச் சொன்னார்; இவர் குடிக்கவில்லை என்று கம்பெனிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

“வலிப்புன்னு எளுதிருக்கா?”

“காரணம் எழுதணும்ல, ஐயா.”

தாளை என் மேஜையிலேயே வைத்துவிட்டார்.

“குடிகாரன்னா ரெண்டு நாள்ல திரும்பச் சேத்துக்கிடுவாக. வலிப்புக்காரன மருந்துப் பக்கமே விட மாட்டாக. வேற என்ன வேல தெரியும் எனக்கு? குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்.”

“மருந்து கலக்கும்போது வலிப்பு வந்தா?”

“வராது தாயி. வரக்கூடாது.”

சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார். அந்தக் கடிதத்தை நானே கம்பெனிக்கு அனுப்பியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.